குவாலியின் அடியில்: காப்பார் வட்டாரக் கைமாக்கிழங்கு குறித்த ஓர் ஆய்வு

தோற்றுவாய்

கைமா என்னும் கொத்திய இறைச்சியையும் உருளைக்கிழங்கையும் ஒரே சட்டியில் போட்டுப் பிரட்டி இராச்சாப்பாட்டை முடித்துக்கொள்ளும் வழக்கம் மலேசியாவின் காப்பார் வட்டாரத்தில் வேரூன்றி நிற்கிறது. இதற்குச் சொல்லப்படும் காரணம் ஒன்றே: கழுவ வேண்டிய பாத்திரம் ஒன்றுதான். தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டுவரும் இக்காரணத்தை இதுவரை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. சோதிக்க வேண்டிய இடம் கழுவுதொட்டி. அங்கே சோற்றுப்பானை கிடக்கிறது. கிழங்கு ஊறிய கிண்ணம், இறைச்சி கழுவிய வடிதட்டு, வெங்காயம் அரிந்த பலகை, இஞ்சி பூண்டு இடித்த உரல், கறித்தூள் கரைத்த கோப்பை, மூடி, கழற்றிய மூடியை வைக்க ஒரு தட்டு, எல்லாம் கிடக்கின்றன. பிரட்டிய சட்டியான குவாலி மட்டும் அங்கே இல்லை. அது இன்னும் அடுப்பின் மேலேயே இருக்கிறது.

ஏன் இருக்கிறது என்பதே இவ்வாய்வின் வினா.

புலமையுலகம் இவ்வினாவைத் தொடாமல் விட்டது வியப்புக்குரியது. உலகத் தமிழாராய்ச்சி மாநாடு 1966-இல் முதன்முதலாகக் கூடியதே கோலாலம்பூரில்தான். பிறகு 1987, 2015, 2023 ஆகிய ஆண்டுகளிலும் அதே நகரில் கூடியது. நான்கு முறையும் அறிஞர்கள் சங்கம் பேசினார்கள், சமயம் பேசினார்கள், கல்வெட்டு பேசினார்கள், மதியம் வரிசையில் நின்று சாப்பிட்டார்கள். சாப்பிட்டதைப் பற்றிக் கட்டுரை எழுதுவது புலமைக்கு இழுக்கு என்ற எண்ணம் நம்மிடம் எப்போது நுழைந்ததோ! மாநாட்டு மண்டபத்திலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இத்தனை வளமான களம் காத்துக் கிடந்தது.

அக்களத்தின் எல்லை 42200 என்னும் அஞ்சல் குறியீடு. கிள்ளானிலிருந்து கோல சிலாங்கூருக்குப் போகும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலை நடுவே ஓடுகிறது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மேரு என்னும் ஊர். வட்டாரத்தின் பெரிய அடையாளம் கடலோரத்தில் நிற்கும் சுல்தான் சலாவுதீன் அப்துல் அசிஸ் மின்நிலையம். மொத்தம் 2,420 மெகாவாட் திறனுக்குக் கட்டப்பட்டது. நிலக்கரி, எரிவாயு, எண்ணெய் என்று மூன்று எரிபொருளையும் கையாளும்படி அமைந்தது. இத்தனை மின்சாரம் பக்கத்திலேயே பிறந்தும் காப்பார்ப் பெண்மணிகள் மின்னடுப்பை நம்புவதில்லை. 14 கிலோ கேஸ் தோங்கு மானிய விலையில் 26 வெள்ளி 60 காசுக்குக் கிடைக்கும்வரை அவர்கள் நம்பவும் போவதில்லை. "கரண்டு அடுப்புல சத்தம் வராது" என்றார் தகவலாளர் ஒருவர். சமையலைக் காதால் செய்கிறவர் அவர். இக்கூற்றின் ஆழம் பின்னர் விளங்கும்.

தகவலாளர்களின் பெயர்கள் இங்கே மறைக்கப்பட்டுள்ளன. பெயரைப் போட்டால் அடுத்த தீபாவளிக்கு அழைப்பு வராது என்பதே காரணம். ஆய்வு நெறி இரண்டாம் பட்சம்.

காலமும் இடமும்

எந்தப் பொருளையும் முதல், கரு, உரி என்று பகுத்துப் பார்ப்பது நம் மரபு. கைமாக்கிழங்கின் முதற்பொருளில் நிலம் மேலே சொல்லப்பட்டது. பொழுது, மாலை ஏழுக்கும் எட்டுக்கும் இடைப்பட்டது. இப்பொழுதைப் பற்றி ஒரு வரலாற்றுச் செய்தியைச் சொல்லியாக வேண்டும். 1982 ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தது, சபா சரவாக்கோடு ஒரே நேரமாக இருக்கட்டும் என்று. அன்றிலிருந்து காப்பாரில் ஏழு மணி அடித்த பிறகும் வானம் வெளிச்சமாகவே இருக்கிறது. வெளிச்சம் இருக்கும்வரை பிள்ளைகள் வீட்டுக்குள் வருவதில்லை. இருட்டியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் பசியோடு வருகிறார்கள். துறைமுகத்தில் வேலை செய்பவர், மேருவில் ஷிப்ட் முடித்தவர், ஜாலான் காப்பாரில் லோரிகளுக்கு நடுவே முக்கால் மணி நேரம் ஊர்ந்தவர், அத்தனை பேரும். கடிகாரத்தைத் தள்ளி வைத்த அரசாங்கம் இதை எதிர்பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் அரை மணியில் ஆகக்கூடிய சமையல் ஒன்று தேவைப்பட்டதற்கு அந்த அரை மணியும் ஒரு காரணம் என்று இவ்வாய்வு துணிகிறது.

நெருக்கடி காப்பாருக்குப் புதிதன்று. 2013 பொதுத்தேர்தலில் காப்பார் நாடாளுமன்றத் தொகுதியின் வாக்காளர் 144,159 பேர். புத்ராஜெயாவில் 15,791 பேர். இரண்டு தொகுதிக்கும் தலா ஓர் உறுப்பினர். ஒன்பது பானைக்குரியதை ஒரே குவாலியில் போட்டு மூடிவைத்த அந்த ஏற்பாட்டை அரசியல் அறிஞர்கள் வேறு பெயரிட்டு விமர்சித்தார்கள். காப்பார் மக்கள் வரிசையில் நின்று வாக்களித்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சமைத்தார்கள்.

கருப்பொருள் குவாலி, கரண்டி, கறிவேப்பிலை. உரிப்பொருள் பசியும் பசி நிமித்தமும்.

இறைச்சி இயல்

எந்த இறைச்சி என்ற கேள்வியில் நம் வட்டாரம் ஐந்து பள்ளிகளாகப் பிரிகிறது. ஐந்தும் தம் பண்டத்தைக் கைமாக்கிழங்கு என்றே அழைக்கின்றன. ஒன்று மற்றொன்றைப் போலி என்று கருதுகிறது. வெளிப்படையாகச் சொல்வதில்லை.

முதற்பள்ளி மாட்டிறைச்சிப் பள்ளி. தமிழ் முஸ்லிம் வீடுகளும் அக்கம்பக்கத்து மலாய் வீடுகளும் இதில் சேரும். முர்த்தபாவின் வயிற்றில் போகும் அதே கைமா, கிழங்கோடு சேர்ந்து இங்கே இராச்சாப்பாடாகிறது. கடையில் உறைந்த கட்டியாக விற்கப்படும் இறைச்சியில் பெரும்பகுதி இந்திய எருமை. பசு இறைச்சி ஏற்றுமதிக்கு இந்தியாவில் தடையுண்டு, எருமைக்கு இல்லை. அதை வாங்கும் முக்கிய நாடுகளில் மலேசியாவும் ஒன்று. நம் பாட்டனார்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறிய பாதையில் இன்று எருமைகள் குளிர்பெட்டியில் வருகின்றன. பாட்டனார்கள் வந்தபோது அந்தப் பெட்டி வசதி கிடையாது.

இரண்டாவது ஆட்டுப்பள்ளி. இந்து வீடுகளில் பெரும்பான்மையோர் மாட்டைத் தொடுவதில்லை ஆகையால் ஆடே இங்கு மூலபாடம். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து பசாரில் கிடைக்கும் எலும்பில்லாத ஆட்டிறைச்சியைக் கடைக்காரரிடமே கொத்தித் தரச் சொல்வார்கள். மூத்தவர்கள் இதற்கு உடன்படுவதில்லை. கத்தியால் கொத்த வேண்டும், எந்திரத்தில் விட்டால் கூழாகிவிடும் என்பது அவர்கள் கட்சி. அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. கத்தி துண்டாக்குகிறது, எந்திரம் நசுக்குகிறது. நசுங்கிய இறைச்சி சட்டியில் அதிகத் தண்ணீர் விடும். அது பின்னால் பெரிய தொல்லை.

இவ்விடத்தில் ஒரு கிளைச்செய்தி. இறைச்சி கொத்தும் எந்திரத்தை உருவாக்கியவர் என்று பொதுவாகச் சொல்லப்படும் ஜெர்மானியர் கார்ல் டிரைஸ். 1817-இல் மன்ஹைம் நகரில், காலால் தள்ளி ஓட்டும் இருசக்கர வண்டியை ஓட்டிக்காட்டிய அதே மனிதர், மிதிவண்டியின் பாட்டனார். ஒரே தலையில் மிதிவண்டியும் கைமாவும் பிறந்தது கிள்ளான் வட்டாரத்துக்கு வெறும் தற்செயல் அன்று. 1941-இல் இந்த வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர். எச். நாதன் முன்னின்ற காலத்தில் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளுள் ஒன்று: துரையோ கிராணியோ எதிரே வந்தால் மிதிவண்டியை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற கட்டுப்பாடு ஒழிய வேண்டும். நாதனைப் பிடித்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். இராணுவம் வந்தது, தொழிலாளர் சுடப்பட்டு இறந்தார்கள். இந்தப் பத்தியில் மட்டும் கேலிக்கு இடமில்லை. சைக்கிளிலிருந்து இறங்காமல் போவதற்கு அவ்வளவு விலை கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தின் பேரப்பிள்ளைகள்தான் இன்று ஐந்தாம் எண் சாலையில் மோட்டார் சைக்கிளில் அரைக்கிலோ கைமாவைத் தொங்கவிட்டுக்கொண்டு எவருக்கும் இறங்காமல் போகிறவர்கள்.

மூன்றாவது கோழிப்பள்ளி. மருத்துவர் சொன்னார், விலை சொன்னது, பிள்ளை அடம்பிடித்தது என்று பல காரணங்களால் வளர்ந்துவரும் பள்ளி. ஆடு விற்கும் விலையில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் கோழிக்கைமாவில் கொழுப்பு குறைவு. அது சட்டியில் பொரிவதில்லை, வெளுத்துப்போய் உட்கார்ந்திருக்கிறது.

நான்காவது சாடின் பள்ளி. மாதக் கடைசியில் உறுப்பினர் எண்ணிக்கை கூடும். சிங்கப்பூரில் ஆல்பிரட் குளுவே என்னும் பிரெஞ்சுக்காரர் 1892-இல் தொடங்கிய வியாபாரத்தின் முத்திரை சேவல். ஆகவே கோழிப்படம் போட்ட டின்னுக்குள் மீன் இருக்கிறது. அந்த மீனை உடைத்துக் கிழங்கோடு பிரட்டி, அதையும் கைமாக் கணக்கில் சேர்க்கிறார்கள். மீன் எப்படிக் கைமாவாகும் என்று மாட்டுப்பள்ளியும் ஆட்டுப்பள்ளியும் ஒரே குரலில் கேட்கின்றன. சமய நல்லிணக்கத்துக்குச் சாடின் ஆற்றிய தொண்டு இது. இவ்வாய்வாளரின் தீர்ப்பு: கரண்டியால் குத்தினால் உதிரும் எதுவும் கைமாவே.

ஐந்தாவது புரட்டாசிப் பள்ளி. ஆண்டில் ஒரு மாதம் மட்டும் இயங்கும். சீனர் சைவக் கடையில் விற்கும் சோயா 'மட்டன்' இதன் ஆதார நூல். மாமிசத்தை விட்ட பக்தர், மாமிசம் போலவே இருக்கிறதா என்று கவலைப்பட்டுக்கொண்டே சாப்பிடுவதைக் காணலாம். அடுத்த வீட்டுக்காரர் அதை மோந்து பார்த்துவிட்டு உண்மையான ஆடு என்று நினைத்து ஊரெல்லாம் சொன்ன வழக்கும் உண்டு.

ஐந்து பள்ளியும் ஒரே தாமானில், சுவர் பகிர்ந்த வரிசை வீடுகளில் வாழ்கின்றன. வேலிக்கு மேலே தட்டு போகும்போது தட்டுக்கு முன்னால் வாக்குமூலம் போகும்: "ஆடுதான் அக்கா, பயப்படாம சாப்பிடுங்க." எதிர்ப்பக்கத்திலிருந்து முறுக்கும் கேக்கும் வரும், கைமா வராது. எடுக்கும்போதே, இது உங்களுக்கு ஆகாதே என்று அவர்களே வைத்துவிடுவார்கள். கிள்ளானின் பெயரை உலகமெல்லாம் கொண்டுபோன உணவான பக் குட் தே 2024 பிப்ரவரியில் தேசிய மரபுணவாக அறிவிக்கப்பட்டபோது, பன்றி எலும்புக்கு மரபுரிமையா என்று பெரிய விவாதம் எழுந்தது. பாதிக்கு மேற்பட்டோர் சாப்பிட முடியாத பண்டத்துக்குப் பட்டயம். எல்லாரும் சமைத்தும் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ள முடியாத கைமாக்கிழங்குக்கு ஒரு துண்டுச் சீட்டுக்கூட இல்லை.

கிழங்கியல்

இது சிறிய இயல். கிழங்கின் பிறப்பிடம் ஆண்டிஸ் மலை. ஸ்பானியர் ஐரோப்பாவுக்கும் போர்த்துகீசியர் இந்தியாவுக்கும் கொண்டுவந்தார்கள். பிரான்சில் பார்மான்தியே என்ற மருந்தியலார், பிரஷ்யரிடம் போர்க்கைதியாக இருந்தபோது கிழங்கு தின்று பிழைத்தவர், ஊர் திரும்பி அதைப் பரப்பினார். கொத்திறைச்சியின் மேல் மசித்த கிழங்கை மூடிச் சுடும் பிரெஞ்சுப் பண்டம் இன்றும் அவர் பெயரைத் தாங்குகிறது. ஆங்கிலேயருக்கு அதே பண்டம் வேறு பெயரில் உண்டு. மலாய்க்காரர் இறைச்சியையும் கிழங்கையும் சேர்த்து உருட்டி பெர்கெடில் பொரிக்கிறார்கள். ஸ்வீடனில் எல்லாவற்றையும் பொடியாக நறுக்கி ஒரே சட்டியில் வறுத்து மேலே பொரித்த முட்டை வைக்கிறார்கள். உலகம் முழுவதும் மாலை ஏழு மணிக்கு ஒரே யோசனைதான்.

காப்பார்க் கடைகளில் 'சைனா கிழங்கு', 'ஹாலந்து கிழங்கு' என்று இரண்டு குவியல் இருக்கும். எது நல்லது என்று கடைக்காரரைக் கேட்டால் எது அதிகம் மிச்சமிருக்கிறதோ அதைக் காட்டுவார். ஐந்து பள்ளிகளிலும் மாறாமல் நிற்பது கிழங்கு ஒன்றே. எந்தச் சமயத்துக்கும் அது ஆகாததில்லை, எந்தக் கிழமைக்கும் விலக்கில்லை. சமணருக்கு ஆகாது என்பது உண்மை. ஆனால் ஐந்து பள்ளிகளிலும் சமணர் இல்லை.

முந்துவது யார்

இனி செய்முறை. அரைக்கிலோ கைமா, நடுத்தரக் கிழங்கு மூன்று, பெரிய வெங்காயம் இரண்டு, இஞ்சி பூண்டு, பட்டை, கிராம்பு, பூ, கறிவேப்பிலை, இரண்டு மேசைக்கரண்டி இறைச்சிக் கறித்தூள், ஒரு தக்காளி, கடைசியில் ஒரு கரண்டி கருப்புக் கிச்சாப். பொருளில் சண்டையில்லை. சண்டை எல்லாம் குவாலிக்குள் யார் முதலில் போவது என்பதில்தான்.

மருமகள் பள்ளி வெங்காயத்தை முந்தவிடும். எண்ணெய், தாளிப்பு, வெங்காயம், பிறகு கைமா. காணொளிகளில் எல்லாம் அப்படித்தான். மாமியார் பள்ளி கைமாவை முந்தவிடும். வெறும் குவாலி புகையும்வரை காய வேண்டும், துளி எண்ணெய், கைமாவைப் பரப்பிப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கிளறக்கூடாது. கிளறுபவர்மீது மாமியார் பள்ளிக்குத் தனி வெறுப்பு உண்டு.

அறிவியல் இவ்விடத்தில் மாமியார் பக்கம் நிற்கிறது. கைமா தண்ணீர் விடும். தண்ணீர் இருக்கும்வரை சட்டியின் வெப்பம் 100 பாகையைத் தாண்டாது, இறைச்சி வேகுமே தவிரச் சிவக்காது. இறைச்சி சிவந்து மணப்பதற்கு ஏறத்தாழ 140 பாகையாவது வேண்டும். புரதமும் சர்க்கரையும் சேர்ந்து நிகழ்த்தும் இந்த வினையை 1912-இல் விவரித்தவர் பிரெஞ்சு வேதியியலார் லூயி காமீய் மையார். வெங்காயத்தை முதலில் போட்டால் அதன் தண்ணீர் ஒருபுறம், கைமாவின் தண்ணீர் மறுபுறம், சட்டி குளமாகிவிடும். மையார் பெயரைக் கேள்விப்படாத தகவலாளர் சொன்னது இது: "மொதல்ல சளசளன்னு சத்தம் வரும். அது தண்ணி. அப்பறம் சடசடன்னு மாறும். அதுவரைக்கும் தொடாதே. மாறுனதும் தொடு." மின்னடுப்பில் சத்தம் வராது என்று அவர் முன்னர்ச் சொன்னதற்குப் பொருள் இது. அடுப்பின் இரைச்சலையும் சட்டியின் இரைச்சலையும் சேர்த்துக் கேட்டுப் பழகிய காது அது. ஒன்று நின்றுபோனால் மற்றொன்றும் புரியாமல் போகிறது. வெப்பமானி இல்லாத வீட்டில் காது 140 பாகையை அளக்கிறது.

கிழங்கு இரண்டாவது. கைமாவை ஓரமாக ஒதுக்கி, அது விட்ட கொழுப்பிலேயே விரல்நுனிப் பருமனில் வெட்டிய கிழங்கைப் புரட்ட வேண்டும். வெங்காயமும் வாசனைப் பொருள்களும் மூன்றாவது. கறித்தூளைத் தண்ணீரில் குழைத்து ஊற்றி மூடி போடுவது நான்காவது.

தக்காளி எங்கே என்று கேட்கலாம். இங்கேதான் பல குடும்பங்கள் சறுக்குகின்றன. புளிப்பு முன்னால் போனால் கிழங்கு வேகாது. காய்கறியின் செல்களைப் பிணைத்து வைத்திருக்கும் பெக்டின் புளிப்பில் கரையத் தயங்கும். அரைமணி கழிந்தும் கிழங்கு கடைவாயில் கடுக்கென்னும். சாடின் பள்ளியின் நெடுநாள் துயரத்துக்கும் இதுவே காரணம். டின்னிலுள்ள தக்காளிச் சாந்தை முதலிலேயே கவிழ்த்துவிட்டு, கிழங்கு வேகவில்லை என்று சைனாவையும் ஹாலந்தையும் திட்டுகிறார்கள். கிழங்கு வெந்தபின் புளிப்பைச் சேர்க்கச் சொன்னால், "எங்கம்மா அப்படித்தான் செய்வாங்க" என்று பதில் வரும். அம்மா செய்தார் என்பது உண்மை. அம்மாவின் கிழங்கும் கடுக்கென்றிருந்தது என்பது சபையில் சொல்லப்படுவதில்லை.

பன்னிரண்டு நிமிடத்துக்குப் பிறகு மூடியைத் திறந்து, தீயைக் கூட்டி, தண்ணீர் சுண்டும்வரை பிரட்ட வேண்டும். கிழங்கின் ஓரம் உடைந்து மாவு இளகும்; கறித்தூள் அதில் ஒட்டும்; கொழுப்பு பிரியும்; கிச்சாப் கடைசியில் விழுந்து கருகும். இந்நிலையில் எல்லாம் சேர்ந்து குவாலியின் அடியைப் பற்றிக்கொள்கின்றன. தமிழ்நாட்டுச் சமையல் நூல்கள் 'அடிபிடிக்காமல் பார்த்துக்கொள்ளவும்' என்று எழுதும் இடம் இதுவே. காப்பாரில் அடிபிடிக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறார்கள்.

சட்டிச்சோறு

முதல் வினாவுக்கு இப்போது விடை சொல்லலாம். எல்லாப் பாத்திரமும் கழுவுதொட்டியில் இருக்க, குவாலி மட்டும் அடுப்பின்மேல் ஏன் இருக்கிறது? கைமாக்கிழங்கை வேறு கிண்ணத்தில் வழித்து எடுத்தபின் (இங்கே 'ஒரே பாத்திரம்' என்ற கொள்கை முழுமையாகக் கவிழ்கிறது), அந்தக் காலிக் குவாலியில் சூடான சோற்றைக் கொட்டி, சிறு தீயில் தோசைக்கரண்டியால் சுரண்டிச் சுரண்டிப் பிரட்டுகிறார்கள். அடியில் பிடித்திருந்தது எல்லாம் சோற்றில் ஏறிவிடுகிறது. பழுப்பு நிறம், அங்கங்கே கறுத்த பொறுக்கு, தட்டு தேவையில்லை, குவாலியைச் சுற்றி நின்றே தின்பது. சட்டிச்சோறு.

இதைக் கண்டபின் முந்தைய கருத்துகள் எல்லாம் தலைகீழாகின்றன. கைமாக்கிழங்கைச் சமைத்தால் மிச்சமாக வருவது சட்டிச்சோறு என்பது பொதுக்கருத்து. அது பிழை. சட்டிச்சோற்றைச் செய்யும்போது பக்கத்தில் வந்து விழும் துணைவிளைபொருளே கைமாக்கிழங்கு. வந்துவிட்டதே, வீணாக்க வேண்டாமே என்று அதையும் சாப்பிடுகிறார்கள். சான்றுகள் வலுவானவை. கைமாக்கிழங்கு நன்றாக இருக்கிறது என்று காப்பாரில் சாப்பிடுகிறவர் அதிகம் சொல்வதில்லை. ஆனால் சமையலறையிலிருந்து தண்ணீர்க் குழாய்ச் சத்தம் கேட்டால் மூன்று அறைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் குரல் வருகிறது: "குவாலிய கழுவாதீங்க!"

மாமியார் பள்ளியின் வரிசைமுறை ஏன் வென்றது என்பதும் இப்போது தெளிவு. கைமா முந்தினால்தான் அடி சிவக்கும். புளிப்பு பிந்தினால்தான் கிழங்கு உடைந்து மாவு விடும். அடிபிடிப்பதற்காகவே அமைந்த வரிசை அது. கோழிப்பள்ளி வளர்ந்தும் மதிப்புப் பெறாததும் இதனால்தான்: கொழுப்பில்லாத கைமா ஒட்டும், ஆனால் உரிந்து வராது. ஐந்து பள்ளிகளும் உள்ளே போகும் இறைச்சியில் வேறுபட்டாலும் கடைசியில் குவாலியின் அடியில் ஒன்றுபடுகின்றன. இந்த ஒற்றுமையைச் சுற்றுலா அமைச்சு சுவரொட்டியில் போடலாம். சுரண்டுவது அழகாகப் படம் வராது என்பதே தடை.

சட்டிச்சோற்றின் முதல் எதிரி ஒட்டாச் சட்டி. 1938-இல் அமெரிக்காவில் ராய் பிளங்கெட் என்னும் வேதியியலார் குளிர்பதன வாயுவை ஆராயும்போது, கலனுக்குள் வெள்ளைத் தூளாக டெஃப்லான் தற்செயலாகக் கிடைத்தது. பிறகு பிரான்சில் அதைச் சட்டிக்குப் பூசினார்கள். பூசியவர்கள் நல்லெண்ணத்தோடு செய்ததை இவ்வாய்வு மறுக்கவில்லை. ஆனால் எதுவும் ஒட்டாத சட்டியில் சுரண்டுவதற்கு என்ன இருக்கும்? பற்றற்ற நிலை ஞானிக்கு அழகு, குவாலிக்கு அன்று. புதுமனை விழாவுக்கு வந்த ஒட்டாச் சட்டிகள் காப்பார் வீடுகளில் பெட்டியோடு அலமாரியின் மேல்தட்டில் வீற்றிருக்கின்றன. அடுத்த புதுமனை விழாவுக்குப் போகும். கொல்லையில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எண்ணெய் பூசிப் பழக்கிய இரும்புக் குவாலி பாட்டியிடமிருந்து வந்தது. தோட்டத்து வீட்டைக் காலி செய்து தாமானுக்கு வந்தபோது கட்டிலை விட்டுவிட்டு அதைத் தூக்கிவந்தவர்கள் உண்டு.

வாரிசியல்

சட்டிச்சோறு அதிகம் வராது. சோற்றைக் கூடுதலாகக் கொட்டினால் சுவை பரந்து போய்விடும். ஆகவே உரிமைப் பிரச்சினை எழுகிறது. இந்து வாரிசுச் சட்டத்தில் இரண்டு பழைய மரபுகள் உண்டு. விஞ்ஞானேசுவரரின் மிதாட்சரம், பிறந்த கணத்திலேயே மகனுக்குச் சொத்தில் பங்கு என்னும். வங்காளத்தில் வழங்கிய சீமூதவாகனரின் தாயபாகம், தகப்பன் மறைந்தபின்தான் பங்கு என்னும். காப்பார்க் குவாலிக்கு இரண்டும் பொருந்தும், அதனால்தான் சண்டை.

மிதாட்சரக் கட்சியைச் சேர்ந்த கடைக்குட்டி, கைமா குவாலியில் விழுந்த கணத்திலேயே, "ம்மா, குவாலி எனக்கு!" என்று பதிவு செய்துவிட்டு விளையாடப் போகிறான். சமையல் பிறந்ததும் உரிமையும் பிறந்துவிட்டது என்பது அவன் வாதம். தாயபாகக் கட்சியான மூத்தவள், கைமா முழுக்க வழித்து எடுக்கப்பட்டபின் யார் அடுப்பருகில் நிற்கிறாரோ அவருக்கே என்கிறாள். அவள் எப்போதும் அடுப்பருகில்தான் நிற்கிறாள், திறன்பேசியோடு. கிழங்கு உரித்தவருக்கு உழைப்பாளர் பங்கு என்று மூன்றாவது கோரிக்கை. விடுதியிலிருந்து வாரக்கடைசிக்கு வந்த பிள்ளைக்கு விருந்தினர் முன்னுரிமை. சமைத்தவருக்கு? சமைத்தவர் எதுவும் கேட்பதில்லை. அந்தப் பெருந்தன்மையை நெருங்கிப் பார்த்தால், உப்புப் பார்க்கிறேன் என்ற பெயரில் அடியின் நல்ல பாகம் முதலிலேயே அவர் வாய்க்குள் போயிருப்பது தெரியும். உப்புப் பார்ப்பது பல தடவை நடக்கிறது.

எல்லா வழக்குகளையும் முறியடிக்கும் குற்றம் ஒன்று உண்டு. வேலை முடிந்து ஐந்தாம் எண் சாலையில் சிக்கிக் கடைசியாக வந்த தகப்பனார், உதவி செய்கிறேன் என்று குவாலியைக் கண்டதும் தண்ணீர் ஊற்றிவிடுகிறார். ஊறட்டும், கழுவ எளிது என்று. வீட்டில் அந்நேரம் எழும் ஓலம் மின்நிலையம் வரை கேட்கும். தண்டனை என்ன என்பதில் வீட்டுக்கு வீடு வழக்கு மாறுகிறது: அடுத்த மூன்று தடவை கிழங்கு அவரே உரிக்க வேண்டும் என்பது ஒன்று, அவர் தட்டிலுள்ள கைமாவை எடுத்துப் புதிதாகக் குவாலியில் போட்டு மீண்டும் அடிபிடிக்க வைக்க வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டாவது நியாயமானது, ஆனால் மணி ஒன்பதாகிவிடும். தகப்பனார் மேல்முறையீடு செய்யலாம். பாட்டிதான் நீதிபதி. அவர் அந்நேரம் தொலைக்காட்சியில் தொடர் பார்த்துக்கொண்டிருப்பார் ஆதலால், விளம்பரம் வரும்வரை விசாரணை தொடங்காது.